32 ஜிபி: மொத்த எடையா, நிகர எடையா?

முதலில் ஒரு சொந்தக் கதை, சோகக் கதை. அதைச் சொல்லிவிட்டு மேட்டருக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா டெய்லர். மதுரையில் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின். அவ்வளவுதான் கடை, போர்டுகூடக் கிடையாது. அம்மாவிடம் இருப்பது 2019-இல் வாங்கிய ஒரு போன், 32 ஜிபி. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விஷயத்தில் எல்லாக் கம்பெனியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

அந்த போன்தான் அம்மாவுக்கு டிசைன் புத்தகம், அளவு நோட்டு, கல்லாப் பெட்டி எல்லாமே. கஸ்டமர்கள் வாட்ஸ்அப்பில் கழுத்து டிசைன் அனுப்புவார்கள். "அக்கா, இதே மாதிரி பின்கழுத்து, ஆனா இவ்ளோ இறக்கம் வேணாம்" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். அளவு எடுக்கும்போது கையில் கிடைத்த தாளில், பெரும்பாலும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எழுதி அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார். முன்பு நோட்டு இருந்தது. நோட்டு தொலையும், போன் தொலையாது என்று நான்தான் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். (ரொம்பப் புத்திசாலி!)

போன ஆவணி மாசம், கல்யாண சீசன். ஒரே கல்யாண வீட்டில் 11 ஜாக்கெட் ஆர்டர். சரியாக அந்த வாரம் யுபிஐ ஆப் "அப்டேட் செய்தால்தான் திறப்பேன்" என்று அடம் பிடித்தது. அப்டேட் பண்ணப் போனால் இடம் இல்லை. காசு வந்ததா வரவில்லையா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கஸ்டமர் "அனுப்பிட்டேன்க்கா" என்று பச்சை டிக்கைக் காட்டுகிறார், நம்பித் துணியைக் கொடுக்க வேண்டியதுதான்.

வீட்டின் ஒரே கம்ப்யூட்டர் நிபுணர் (பி.காம் மூன்றாம் வருஷம்... ஹி ஹி) களத்தில் இறங்கினேன். போனோடு வந்த கிளீனர் ஒன்று இருந்தது. தட்டினேன். "ஒரே மாதிரியான படங்கள் 312, அழிக்கலாமா?" என்று கேட்டது. பரவாயில்லையே, வேலை சுலபமாகிவிட்டது என்று அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். இடம் கிடைத்தது, யுபிஐ திறந்தது, அம்மாவுக்கு சந்தோஷம்.

சாயங்காலம் கேட்டார். "ஏன்டா, அந்தக் கல்யாண வீட்டு அளவெல்லாம் எங்கடா?"

ஙே என்று விழித்தேன்.

வெள்ளைத் தாள், பென்சில் எழுத்து. அந்தக் கிளீனருக்கு 11 பேரின் அளவும் "ஒரே மாதிரியான படம்". பத்துப் பேர் மறுபடி வந்து அளவு கொடுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே. பெண்ணின் அத்தை கோயம்புத்தூர். அவர் ஒரு பழைய அளவு ஜாக்கெட்டைப் பஸ்ஸில் பார்சல் போட்டார். அதை வைத்துத் தைத்ததில் கை இறுக்கமாகிவிட்டது. அந்த ஜாக்கெட்டுக்கு அம்மா கூலி வாங்கவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் சொன்னது இதுதான்: "என் தப்புதான்டா. கண்டதையும் போட்டோ எடுத்து வச்சுக்கிறேன்ல, போன் என்ன பண்ணும்?"

இல்லைம்மா. உங்கள் தப்பு இல்லை. யார் தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்று வருஷம் கணக்குப் படித்ததற்கு இதையாவது செய்கிறேன்.

இருப்புநிலைக் குறிப்பு

அன்று ராத்திரி போனில் செட்டிங்ஸைத் திறந்து, நான் எதையும் அழிப்பதற்கு முன் இருந்த நிலைமையையும் சேர்த்து ஒரு தாளில் எழுதினேன். (இந்த முறை போட்டோ எடுக்கவில்லை!)

பெட்டியில் போட்டிருந்தது: 32 ஜிபி
சிஸ்டம்: 11
ஆப்கள்: 9
வாட்ஸ்அப் படம், வீடியோ, பேக்கப்: 7.5
அம்மா எடுத்த போட்டோ, வீடியோ: 3.5
இதர: 0.6
மீதி: 0.4

நன்றாகப் பாருங்கள். "கண்டதையும் போட்டோ எடுக்கிறேன்" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்ட அம்மாவின் பங்கு 32-இல் 3.5. ஒன்பதில் ஒரு பங்கு! ஆனால் "போன் நிறைந்துவிட்டது" என்று வரும் அறிவிப்பு முதலில் எதை அழிக்கச் சொல்கிறது? போட்டோவை. எந்த யூடியூப் டிப்ஸ்காரரும் முதலில் எதைச் சொல்கிறார்? போட்டோவை. நம் கிளாஸில் யாரிடம் கேட்டாலும் என்ன சொல்கிறோம்? "தேவையில்லாத போட்டோவ தூக்குடா."

வீட்டில் ஒன்பது பேர் சாப்பிட்டுவிட்டு, கடைசியாக வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து "நீ சாப்பிட்டதால்தான் சோறு தீர்ந்தது" என்பது மாதிரி இருக்கிறது.

இனிப்புக் கடையும் போன் கடையும்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரியும், மொத்த எடை வேறு, நிகர எடை வேறு. தீபாவளிக்கு இனிப்பு வாங்கப் போகிறோம். கடைக்காரர் அட்டைப்பெட்டியோடு தராசில் வைத்து ஒரு கிலோ என்று கொடுத்தால் அது தப்பு. பெட்டிக்கும் சேர்த்து மைசூர்பாகு விலை கொடுக்க நாம் என்ன கேனையா? இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2009-இல் வந்த சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-இல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளும். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் நிகர அளவு அச்சிட வேண்டும். நிகர அளவு என்றால் சுற்றியிருக்கும் காகிதம், டப்பா, உறை எல்லாம் போக உள்ளே இருப்பது.

பிஸ்கட் பாக்கெட்டுக்கு இது பொருந்துகிறது. ஐந்து ரூபாய் ஷாம்புக்குப் பொருந்துகிறது. பல ஆயிரம் ரூபாய் போனுக்கு?

போன் பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் நிகர அளவு போட்டிருக்கும். என்ன தெரியுமா? "1". ஒரு போன். அவ்வ்வ்...

சட்டப்படி அது சரி. பெட்டிக்குள் ஒரு போன்தான் இருக்கிறது. ஆனால் அம்மா கடையில் "32-ஆ 64-ஆ" என்று கேட்டுத்தானே வாங்கினார்? 32-க்கு ஒரு விலை, 64-க்கு ஒரு விலை. எந்த எண்ணை வைத்து விலை வாங்குகிறார்களோ அந்த எண்ணில் நமக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை மட்டும் அச்சிட மாட்டார்கள். 32 என்று பெரிய எழுத்தில். "சிஸ்டம் போக மீதிதான் கிடைக்கும்" என்பது நட்சத்திரக் குறி போட்டு எறும்பு எழுத்தில்.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருப்போம். கம்பெனிக்காரர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். 1024-ஆல் வகுத்துப் பார்த்தால் 32 என்பது 29.8 ஆகத் தெரியும். சிலர் இதையே பெரிய மோசடி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது அளவுகோல் வித்தியாசம்தான், எல்லா ஹார்ட் டிஸ்க்கிலும் இருப்பது. என் சண்டை அந்த 2.2-க்காக இல்லை. அந்த 11-க்காக.

இந்தச் சண்டை நான் கண்டுபிடித்ததும் இல்லை. 2014 டிசம்பரிலேயே கலிபோர்னியாவில் ஆப்பிள் மேல் இதே குற்றச்சாட்டோடு வழக்குப் போட்டார்கள். 16 ஜிபி என்று விற்ற கருவிகளில் ஐஓஎஸ் 8 வந்த பிறகு 23.1 சதவீதம் வரை பயன்படுத்த முடியாத இடம் என்பது அவர்கள் வாதம். அதோடு விடவில்லை. இடம் தீர்ந்து நாம் தவிக்கும் அந்த நேரம் பார்த்து ஐகிளவுட் வாடகைக்கு எடுக்கிறாயா என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது பாயின்ட்தான் முக்கியம். அதற்கு வருகிறேன்.

கொடுத்த மாதிரி கொடுத்து...

2014 செப்டம்பரில் கூகுள் இந்தியாவில் ஆண்ட்ராய்டு ஒன் போன்களைக் கொண்டுவந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று கம்பெனி. ஆறாயிரம் சொச்சம் ரூபாய். உள்ளே இருந்த இடம் 4 ஜிபி! மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு ஆறுதல்.

அடுத்த நாலாவது வருஷம், 2018 ஜனவரியில், அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு செய்தி வந்தது. இந்தியர்கள் பூப்படம் போட்ட குட் மார்னிங் அனுப்பி அனுப்பிப் போனை நிரப்புகிறார்கள் என்று. இந்தியாவில் மூன்று பேரில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துவிடுகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்ற புள்ளிவிவரமும் அதில் இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் என்ற மெமரி கம்பெனி கொடுத்த கணக்கு.

உலகமே சிரித்தது. நாமும் சிரித்தோம். மாமா குட் மார்னிங், சித்தி குட் மார்னிங் என்று மீம் போட்டோம். யாராவது ஒருத்தர், "சார், அங்கே விற்ற போனில் எவ்வளவு இடம், இங்கே விற்ற போனில் எவ்வளவு இடம்?" என்று கேட்டோமா? சின்னச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் வழிகிறதே, உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்பது என்ன நியாயம்?

சரி, அப்போது நமக்குக் கொடுத்த சலுகைகள் என்ன ஆயின என்று பார்ப்போம்.

கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். எல்லோரும் நம்பி ஏற்றினோம். 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. அதன்பிறகு ஏற்றும் படமெல்லாம் 15 ஜிபி கணக்கில். மெயிலுக்கும் அதே 15-தான்.

வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் இலவசம், கணக்கில் சேராது என்றார்கள். 2023 நவம்பரில் அறிவித்து, 2024-இல் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

யூடியூப் கோ என்று இளைத்த ஆப் ஒன்று, நம்மைப் போன்ற சின்னப் போன்காரர்களுக்காகவே விட்டார்கள். 2022 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். பெரிய யூடியூப்பையே போட்டுக்கொள் என்றார்கள்.

மெமரி கார்டு துளை? சாம்சங் தன் விலை உயர்ந்த கேலக்ஸி எஸ் வரிசையில் 2015-இல் எஸ்6-இல் எடுத்தது, 2016-இல் எஸ்7-இல் திரும்பக் கொடுத்தது, 2021-இல் எஸ்21-இல் மறுபடி எடுத்துவிட்டது. ஆப்பிள் போனில் அந்தத் துளை என்றைக்குமே இருந்ததில்லை.

இதற்கெல்லாம் தனித்தனியாகக் காரணம் சொல்வார்கள். சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். இடம் என்பது ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. இப்போது மாசாமாசம் வாடகை கட்டும் பொருளாகிவிட்டது. சில நூறு ரூபாய்க்கு ஒரு கார்டு வாங்கிப் போட்டால் கதை முடிந்தது. அதில் கம்பெனிக்கு என்ன லாபம்? கிளவுடில் மாசம் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,560. ஐந்து வருஷத்துக்கு 7,800. ஒரு சின்ன போனே வாங்கலாம். வாடகையை நிறுத்தினால் என்ன ஆகும்? புதிதாக எதையும் ஏற்ற முடியாது. அதே கணக்கில் மெயில் வைத்திருந்தால் மெயிலும் வராது. சொந்த வீட்டுக்கு மாசாமாசம் வாடகை கட்டும் ஒரே ஜாதி நாம்தான்.

வராத விருந்தாளிகள்

அந்த 9 ஜிபி ஆப் கணக்கில் ஒரு கூத்து இருக்கிறது. அம்மா தானாகப் போட்ட ஆப்கள் ஏழோ எட்டோதான். மீதி எல்லாம் போனோடு வந்தவை. இரண்டாவது பிரவுசர், இரண்டாவது கேலரி, தீம் கடை, கேம் கடை, ஆங்கிலத்தில் செய்தி சொல்லும் ஒன்று. இவற்றில் பலவற்றை அழிக்க முடியாது.

அழிக்க முடியாதது மட்டும் இல்லை. இந்த ஆப்கள் இரண்டு இடம் பிடிக்கின்றன. கம்பெனியில் வைத்த பழைய பதிப்பு சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும். அப்டேட் வந்தால் புதுப் பதிப்பு நம் பங்கில் வந்து உட்காரும். அதாவது அம்மா ஒரு தடவைகூடத் திறக்காத ஒரு ஆப், அம்மாவின் டேட்டாவைச் செலவழித்துத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அம்மாவின் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் பாடத்தில் இதற்கு என்ன தலைப்பு என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தடுக்க முடியாதா? முடியும். முன்கூட்டியே போட்ட ஆப்களை, அத்தியாவசியமானவை தவிர, அழிக்க வசதி தர வேண்டும் என்று சீனாவில் 2017 ஜூலை முதல் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி 2024 மார்ச் முதல் பெரிய கம்பெனிகள் அந்த வசதியைத் தர வேண்டியதாயிற்று. நம் ஊரில்? 2025 டிசம்பரில் நம் அரசாங்கமே சஞ்சார் சாத்தி என்ற ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் கட்டாயம் போட வேண்டும் என்ற உத்தரவோடு வந்தது! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவும் ஆப்தான், இடமும் பெரிதாகப் பிடிக்காது, வேண்டுமென்றவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் காசில் வாங்கிய போனில் யார் குடியிருக்க வேண்டும் என்று என்னைத் தவிர எல்லோரும் முடிவு பண்ணுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

"புதுப் போன் வாங்கிடு மச்சி"

இப்போது எதிர்த்தரப்பு வாதங்கள். கிளாஸில் பேசியபோது வந்தவைதான்.

"சிஸ்டம் இல்லாம போன் எப்படிடா ஓடும்? இடம் பிடிக்கத்தானே செய்யும்?" பிடிக்கட்டும். இனிப்புப் பெட்டியும் தேவைதான், மைசூர்பாகைக் கையிலா கொண்டுவர முடியும்? பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டி எடையைக் கழித்துவிட்டு நிறுத்துச் சொல் என்கிறேன்.

"32 ஜிபி எல்லாம் இப்ப யார்டா விக்கிறா? 128 வாங்கிக்கோ." 2014-இல் 4 ஜிபிக்காரரிடம் 16 வாங்கு என்றோம். 16-காரரிடம் 32. 32-காரரிடம் இப்போது 128. இடம் பெருகப் பெருக ஆப்பும் வீங்குகிறது. வாட்ஸ்அப்பும் யுபிஐயும் ஜாக்கெட் டிசைனும் அம்மாவுக்கு 2019-இல் செய்த அதே வேலையைத்தான் இன்றும் செய்கின்றன. வேலை கூடவில்லை, எடை மட்டும் கூடியிருக்கிறது. இதில் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் மெமரி விலையே ஏற ஆரம்பித்தது. போனுக்கு ஜிஎஸ்டி வேறு 2020 ஏப்ரலில் 12-இல் இருந்து 18 சதவீதம் ஆனது. "வாங்கிடு" என்பது வாயால் சொல்ல ரொம்ப சுலபம்.

"பழைய போனுக்கு செக்யூரிட்டி அப்டேட் வராது, அதனாலயே மாத்தணும்." இது நியாயமான வாதம். ஒப்புக்கொள்கிறேன். யுபிஐ வைத்திருக்கும் போனுக்கு இது நிஜமான ஆபத்து. ஆனால் அப்டேட் வராததும் நம் தப்பு இல்லையே! ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். அதே கம்பெனிகள்தான் அங்கேயும் விற்கின்றன.

தேய்மானம் என்று படிக்கிறோம். மிஷின் ஓடினால் தேயும், அதனால் மதிப்பு குறையும். அம்மாவின் தையல் மிஷின் எனக்கு மூத்தது, இன்றைக்கும் ஓடுகிறது. எண்ணெய் விட்டால் போதும். போனில் ஸ்கிரீன் உடையவில்லை, பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது, பட்டன் வேலை செய்கிறது. அது தேயவில்லை. வெளியிலிருந்து அடைக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சரி, இடத்தை எப்படிக் காலி பண்ணுவது?

திட்டிவிட்டு மட்டும் போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். என் வரிசை இது. வழக்கமாகச் சொல்வதற்கு நேர் தலைகீழ். முதலில் அவர்கள் பங்கு, கடைசியில்தான் நம் பங்கு.

ஒன்று. செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறங்கள். அழிக்க முடியாத, பயன்படுத்தாத ஆப் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய் "அப்டேட்டுகளை நீக்கு" என்பதைத் தட்டி, பிறகு "முடக்கு". என்னவென்றே தெரியாத சிஸ்டம் ஆப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். அம்மா போனில் இதிலேயே 2 ஜிபிக்கு மேல் கிடைத்தது.

இரண்டு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "சேமிப்பகம் மற்றும் தரவு" போய் இடத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்தால், பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாக, 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாகக் காட்டும். அங்கே பார்த்து அழியுங்கள். தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்திவிடுங்கள், வேண்டியதை மட்டும் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று. இது பலருக்குத் தெரியாது. ஃபைல் மேனேஜரில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் படம், வீடியோ ஒவ்வொன்றிலும் "சென்ட்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நாம் அனுப்பியவற்றின் நகல்கள் அங்கே தூங்கும். அதே மாதிரி "டேட்டாபேசஸ்" ஃபோல்டரில் ஒரு வாரத்து பேக்கப் நாளுக்கு ஒன்றாக இருக்கும். புதியது ஒன்றை வைத்துக்கொண்டு, தேதி போட்ட பழையவற்றைத் தூக்கலாம்.

நான்கு. கேச். இதைத் தினமும் துடைப்பது வீண் வேலை. ஆப் வேகமாகத் திறப்பதற்காக வைத்திருப்பது அது, துடைத்தால் மறுபடி டேட்டா செலவழித்து நிரப்பிக்கொள்ளும். அவசரத்துக்கு மட்டும் துடையுங்கள். பக்கத்திலேயே இருக்கும் "டேட்டாவை அழி" பட்டனைத் தெரியாமல் தட்டினால் லாகின் எல்லாம் போய்விடும், ஜாக்கிரதை.

ஐந்து. கிளீனர் ஆப் எதையும் புதிதாகப் போடாதீர்கள். இடம் இல்லாத போனில் இடம் பிடிக்கும் இன்னொரு ஆப், அதுவும் விளம்பரத்தோடு! உலகமெங்கும் கோடிக்கணக்கான போனில் இருந்த கிளீன் மாஸ்டரை 2020 பிப்ரவரியில் விளம்பர விதிமீறலுக்காக கூகுள் தன் கடையிலிருந்தே தூக்கியது. அதே வருஷம் ஜூனில் இந்தியா தடை செய்த 59 சீன ஆப்களிலும் அது இருந்தது.

ஆறு. கடைசியாக, கடைசியாகத்தான், உங்கள் போட்டோ. ஓடிஜி பென் டிரைவிலோ ஒரு கம்ப்யூட்டரிலோ நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அழியுங்கள். "ஒரே மாதிரியான படம்" என்று எந்த மென்பொருள் சொன்னாலும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். பட்டவன் சொல்கிறேன்.

காலி செய்தபிறகு பத்து சதவீதமாவது மிச்சம் வையுங்கள். போனில் உள்ள மெமரியில் பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டுமென்றால் ஒரு கட்டம் முழுவதையும் துடைத்துத்தான் எழுத முடியும். காலி இடம் இருந்தால் பக்கத்தில் மாற்றி வைத்துக்கொண்டு துடைக்கும். இல்லையென்றால் திணறும். நிறைந்த போன் நத்தையாக ஊர்வது அதனால்தான்.

இவ்வளவும் செய்து அம்மா போனில் 8 ஜிபி காலி. அம்மாவின் ஒரு படத்தைக்கூடத் தொடவில்லை. இதை அன்றைக்கே செய்திருந்தால் கோயம்புத்தூர் அத்தை ஜாக்கெட் சரியாக இருந்திருக்கும்.

கேட்க வேண்டியது

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்டி மேல் 32, 64, 128 என்று எந்த அளவு எழுத்தில் போடுகிறார்களோ, அதே அளவு எழுத்தில், முதல் நாள் போனைத் திறந்தால் நமக்கு எவ்வளவு இடம் என்று போட வேண்டும். "நிகர இடம்: 19 ஜிபி". அவ்வளவுதான். பிஸ்கட் கம்பெனியால் முடிந்தது போன் கம்பெனியால் முடியாதா? கூடவே, நாம் கேட்காமல் வந்த ஆப்பை அழிக்கும் உரிமை. பொட்டலப் பொருட்கள் விதிகளில் ஒரு வரி சேர்த்தால் முதலாவது முடிந்துவிடும்.

நம் ஆட்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த தடவை வீட்டில் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ "போன்ல இடம் இல்லையாம்டா" என்று நீட்டினால், "கண்டதையும் வச்சிருக்கீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். செட்டிங்ஸைத் திறந்து கணக்கைக் காட்டுங்கள். அதில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

நான் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த 11-ஐயும் 3.5-ஐயும் ரொம்ப நேரம் பார்த்தார். "இது துணிக்கடையா இருந்தா கிழிச்சிருப்பேன்டா" என்றார். "அஞ்சரை மீட்டர்னு சொல்லி மூணரை மீட்டர் புடவை குடுத்தா விடுவோமா?"

மூன்று வருஷம் படித்து நான் ஒரு பதிவு முழுக்க எழுதியதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

டிஸ்கி: அம்மா இப்போது மறுபடி நோட்டுப் போட்டுவிட்டார். 200 பக்கம், கோடு போட்டது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 200 பக்கமும் இருந்தது.

வர்ட்டா?